தாமதத்துக்குக் காரணம்

குளவி கொட்டிய சந்திரகாந்தி ஆஸ்பத்திரிக்கு வந்துசேர மூன்று மணித்தியாலம் பத்து நிமிடம் ஆகியிருந்தது. தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிடப் பாதைதான். வாசலிலேயே உயிர் போய்விட்டது.

"ஏன் இவ்வளவு தாமதம்?" என்று மரண விசாரணை அதிகாரி கேட்டார்.

தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தர் பாலில்லாத பிளேன்டியை உறிஞ்சிவிட்டுச் சொன்னார். "நான் உடனே லொறிக்கு போன் பண்ணிட்டேன் சார். டிரைவர்தான் லேட். பாட்டுப் போட்டா இவனுக்குக் காது கேக்காது."

கங்காணி ஜெயராசா கையைக் கட்டிக்கொண்டார். "கம்பளியில போட்டு றோட்டுக்குத் தூக்கிட்டு வந்தோமுங்க. கையக் காட்டுனோம். கொழுந்து லொறி நிக்காம போயிருச்சி."

டிரைவர் சுரேன் நிமிரவில்லை. "யாரோ ஒரு பொம்பளைக்குக் கொட்டிருச்சி, கொழுந்து வாடிரும், மொதல்ல பெக்டரியில எறக்கிட்டு வாடான்னு ஐயாதான் சொன்னாரு."

"பொய் சார்!" என்றார் உத்தியோகத்தர்.

அதிகாரி டிரைவர் பக்கம் திரும்பினார். "றோட்டில் கை காட்டியதைப் பார்த்தாயா?"

"பாத்தேன் சார்."

"பார்த்துமா நிற்கவில்லை? சீ, நீயெல்லாம் மனுசனா?"

அதிகாரி வெறுப்போடு படிவத்தைத் திருப்பி அடுத்த கேள்வியை வாசித்தார்.

"இறந்தவர் உனக்கு யார்?"

"ஐயா யாருன்னு சொல்லல சார். நானும் கேக்கல."

"இப்போது கேட்கிறேன், சொல்."

"எங்கம்மா."