சத்தம் குறைந்த பெட்டி

"அன்ஸாரின்ரை பெட்டிக்குள்ளை என்னவோ இருக்கு" என்றார் கதிர்காமநாதன்.

பக்கத்தில் இருந்த பாலன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "என்ன அண்ணை இருக்கப்போகுது? வெறும் தேயிலைப் பெட்டிதானே."

"வெறும் பெட்டிக்கு ஏன் அவ்வளவு பாரம்?"

நெளுக்குளத்துக் கூட்டுறவுச் சங்கக்கடையின் பின்கூடத்தில் பேஸ்காரர்கள் கூடியிருந்தார்கள். பேஸ் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, நடுவில் கயிறு கோத்து, அதன் மறுமுனையைத் தடியில் கட்டி, இழுத்துச் சுண்டினால் 'தும் தும்' என்று வரும். அது இல்லாமல் கலியாண வீட்டுப் பைலாப் பாட்டுக்குக் கால் எழும்பாது. ஆனாலும் மாலை விழுவது பாட்டுக்காரன் கழுத்தில்தான். பேஸ்காரனை நாயும் திரும்பிப் பார்க்காது.

நாமாவது நம்மைப் பார்த்துக்கொள்வோம் என்று இந்தக் கூட்டத்தைத் தொடக்கியவர் கதிர்காமநாதன். சங்கக்கடை மனேஜர். ஆளுக்காள் சுண்டிக் காட்டிப் பழகுவார்கள். மத்தியானச் சாப்பாடு அவருடைய வீட்டில்.

போன மாரியில் அவருக்குப் பாரிசவாதம் வந்து வலக்கை விழுந்தது. படுக்கையில் கிடந்தவர் சம்பளத்துக்கு அழவில்லை, இனிப் பேஸ் அடிக்க முடியாதோ என்றுதான் அழுதார். கை மெல்ல மெல்ல எழும்பியது.

"முந்தியைவிட இப்பதான் கை நல்லா இருக்கு. போன கூட்டத்திலை பாத்தனிதானே? என்ரை சத்தம்தான் மேலை நிண்டது" என்று காண்கிறவர்களுக்கெல்லாம் சொல்வார்.

கையோடு சேர்ந்து சந்தேகமும் எழும்பிவிட்டதுதான் தொல்லை.

"பெட்டியின்ரை அடிவாய் திறந்திருக்கோணும். அப்பதான் முழங்கும். இவன் சாக்காலை மூடி ஆணி அறைஞ்சு வைச்சிருக்கிறான். நல்ல கைகாரன், சத்தம் 'தொப் தொப்' எண்டு வருது. ஏன்?"

"விடுங்கோ அண்ணை."

"நெடுங்கேணிக் காட்டுக்கரையிலை யாவாரம் செய்யிறவன். உள்ளுக்கு மான் இறைச்சி வத்தல்தான். எங்கடை கூட்டத்தின்ரை பேரைச் சொல்லி பட்டணத்துக்குக் கடத்துறான். வன இலாகா பிடிச்சா ஆரின்ரை பேர் கெடும்?"

"அன்ஸார் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை."

"நீயும் பங்காளியோ?"

பாலன் தன் பெட்டிக் கயிற்றை இறுக்கத் தொடங்கினான்.

தேத்தண்ணி வந்தது. எல்லோரும் பெட்டியை விட்டுவிட்டு எழும்பினார்கள். அன்ஸார் மட்டும் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டே வந்தான். கதிர்காமநாதனுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"அன்ஸார், அந்தப் பெட்டியைத் திருப்பும்."

"வேண்டாம் அண்ணை."

"ஏன் வேண்டாம்?"

"சும்மா... வேண்டாமே."

பூநகரி யோகலிங்கம் இடையில் வந்தார். "அண்ணை, தேத்தண்ணி ஆறப்போகுது. வாங்கோ."

"ஆறினா ஆறட்டும்!"

பெட்டியைப் பிடுங்கித் திருப்பினார். கத்தியை எடுத்துச் சாக்கைக் கிழித்தார். உள்ளேயிருந்து வைக்கோல் கொட்டியது. பின்னால் உடுத்துக் கிழிந்த ஒரு பழைய சாரம். அதற்குப் பின்னால் இன்னும் வைக்கோல். கிளறிக் கிளறிப் பார்த்தார். மான் வத்தலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

வெட்கம் வந்திருக்க வேண்டும். அவருக்குக் கோபம்தான் வந்தது.

"ஓகோ! அப்ப வேணுமெண்டு சத்தத்தை அமத்தினனீர். மற்றவையின்ரை வித்தையைக் கேட்டுப் பழகுறது, உம்மடை வித்தையை ஒளிக்கிறது. அப்பிடித்தானே?"

அன்ஸார் வாயைத் திறந்தான். கதிர்காமநாதனின் வலக்கையில் கத்தி நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தான்.

"வாய் இல்லையோ? சொல்லும்!"

"அப்பிடித்தான் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ அண்ணை."

"இனி இந்தப் பக்கம் வரவேண்டாம். கள்ளனை நம்பலாம், கபடக்காரனை வைச்சு ஒரு கூட்டம் நடத்தேலாது."

அன்ஸார் கொட்டிக்கிடந்த வைக்கோலைக் கூட்டி அள்ளி வெளியே போட்டான். வெறும் பெட்டியைத் தோளில் வைத்தான். "வாறன் அண்ணை" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

கதிர்காமநாதன் கதிரையில் அமர்ந்து தடியை இழுத்துப் பிடித்தார். "பீடை போச்சுது. இனித் தொடங்குவம்."

ஒருவரும் தொடங்கவில்லை.

"என்ன, எல்லாரும் முழிச்சுக்கொண்டு நிக்கிறியள்?"

யோகலிங்கம் பாலனைப் பார்த்து வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். பாலனுக்குக் கண் கலங்கியிருந்தது. விறுவிறென்று போய்த் தன் பெட்டியைத் திருப்பினான். இரண்டு நெல்லுச் சாக்கு விழுந்தது.

யோகலிங்கம் பெருமூச்சு விட்டார். பிறகு அவரும் தன் பெட்டியைத் திருப்பினார். ஒரு தலையணை.

இன்னொரு பேஸ்காரரான ஆதம்பாவாவின் பெட்டியிலிருந்து அவருடைய மனைவியின் பழைய சேலை வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாப் பெட்டியும் திரும்பியது. எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று திணித்திருந்தது.

"என்னடா இது?" கதிர்காமநாதனின் குரல் இறங்கிவிட்டது. "ஏன்டா எல்லாரும்...?"

பாலன் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்:

"உங்கடை கைக்கு இப்ப சத்தம் வாறேல்லை அண்ணை. அது உங்களுக்குத் தெரிஞ்சா திரும்பப் படுத்திடுவியள், எல்லாரும் அமத்தி அடியுங்கோ எண்டு எங்களிட்டைக் கெஞ்சினவனே அன்ஸார்தான்."