எண்பது கிராம் வெளிச்சம்

"கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கே கணக்கு வரலைன்னா, இந்த ஊர்ல வேற யாருக்குய்யா வரும்?"

உற்சவ சபைத் தலைவர் வீரபாகு கேட்டதும் கூட்டம் சிரித்தது. வாத்தியார் திருஞானசம்பந்தம் மட்டும் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

விஷயம் இதுதான். பிள்ளையார்பாளையத்துத் தெரு முருகன் பங்குனி உத்திரத்தன்று வீதிவலம் வருவார். அவருக்கு முன்னால் ஐயம்பேட்டையிலிருந்து கூலிக்கு வந்த ஆறு பெண்கள், தலையில் கார்பைடு விளக்கோடு நடப்பார்கள். விளக்கின் மேல் அறையில் தண்ணீர், கீழ் அறையில் கார்பைடு. தண்ணீர் சொட்டச் சொட்ட வாயு கிளம்பும், அது எரியும். கார்பைடை நிறுத்துப் போடுவது சம்பந்தத்தின் பொறுப்பு.

மூன்று வருஷமாக ஆறு விளக்கும் கீழ வீதி முக்கில், சொல்லிவைத்தாற்போல ஒன்றாக அணைந்துவிடுகின்றன. கழுவி, நிரப்பி, மறுபடி ஏற்றக் கால் மணி நேரம் ஆகிறது.

"போன வருஷம் எங்க சம்பந்தி வீட்டார் வந்து நிக்கிறாங்க. பௌர்ணமியும் அதுவுமா நடுத்தெருவுல அமாவாசை பண்ணிட்டாருப்பா இவரு!" என்றார் வீரபாகு.

பெண்கள் பள்ளிக்குப் புதிதாக வந்திருந்த சயன்ஸ் டீச்சர் நீலாம்பாள் எழுந்தாள்.

"சார், விளக்குக்கு எவ்வளவு போட்டீங்க?"

"எண்பது கிராம்."

நீலாம்பாள் விரலால் காற்றில் எழுதினாள். "சுத்தமான கார்பைடு அறுபத்து நாலு கிராமுக்கு இருபத்திரண்டு புள்ளி நாலு லிட்டர் அசிட்டிலின். கடைச் சரக்கு நூத்துக்கு எண்பதுதான் சுத்தம். அப்போ எண்பது கிராம் போட்டாதான் அந்த இருபத்திரண்டு புள்ளி நாலு லிட்டர். விளக்கு ஒரு மணி நேரத்துல அதைக் குடிச்சுடும். ஊர்வலமோ ரெண்டு மணி நேரம். நூத்தி அறுபது கிராம் போட்டிருக்கணும் சார். எங்க பத்தாங்கிளாஸ் பொண்ணே போட்டுடும்."

"கணக்கு சரிதாம்மா" என்றார் சம்பந்தம். "இருபத்திரண்டு புள்ளி நாலுங்கறது பூஜ்யம் டிகிரிக்கு. பங்குனிச் சூட்டுல கொஞ்சம் கூடும்."

விடைக்குப் பக்கத்தில் அலகு எழுதாத பையனுக்கு அரை மார்க் வெட்டுகிற மனிதர், அதற்கு மேல் வாதாடவில்லை. அதுவே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது. விளக்குப் பொறுப்பு நீலாம்பாளுக்குக் கைமாறியது.

"பொம்பளைப் புள்ள கையில விளக்குப் பொறுப்பா?" என்று யாரோ முனகினார்கள்.

"கணக்குத் தெரிஞ்ச கைப்பா!" என்றார் வீரபாகு. "ஆனா ஒண்ணும்மா. நம்ம சாமி நடுவுல நிக்கக் கூடாது. தலையில ஏறின விளக்கு கோயில் வாசல்லதான் இறங்கணும். இந்த வருஷமும் அணைஞ்சா, இந்தச் சபை பக்கமே நீ வரவேணாம்."

உத்திரத்தன்று நீலாம்பாள் ஆறு விளக்குக்கும் நூற்றறுபது கிராம் வீதம் தானே நிறுத்துப் போட்டாள். விளக்குகள் ஜகஜ்ஜோதியாக எரிந்தன. ஒரு வீட்டு வாசலில் இரண்டாவது டம்ளர் பானகத்தைக் குடித்துக்கொண்டிருந்த வீரபாகு, "சபாஷ் டீச்சர்!" என்று கத்தினார்.

நீலாம்பாளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

"டீச்சரம்மா, இன்னிக்கி வாத்தியார் வரலியா?" முன்வரிசையில் விளக்குச் சுமந்துவந்த ஜெயம்மாள், தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் திருப்பிக் கேட்டாள்.

"இந்த வருஷம் விளக்குக் கணக்கு நான்தான். ஏன்?"

"ஒண்ணுமில்லம்மா. அவரு நிரப்பினா கீழ வீதி முக்குல அணைஞ்சுடும். அங்க மோர்ப் பந்தல் இருக்குது. எறக்கி வச்சு, ஒரு வாய் மோர் குடிச்சு, கழுத்தை இப்படி அப்படி திருப்பிக்குவோம். நடுவுல எறக்கிக்கறோம்னு நாங்க கேட்டா தலைவர் உட மாட்டாரு. வாத்தியார் கேட்டும் உடல."

"அந்த வருஷத்துல இருந்துதான் அணைய ஆரம்பிச்சுது" என்றாள் பக்கத்தில் வந்தவள். "உங்க கணக்கு ரொம்பக் கெட்டிம்மா. இது விடியிற வரைக்கும் எரியும்."

இருவரும் சிரித்தார்கள். ஜெயம்மாளின் கழுத்து நரம்பு மட்டும் சிரிக்கவில்லை.

நீலாம்பாள் நிமிர்ந்து பார்த்தாள். கீழ வீதி முக்கு தெரிந்தது. மோர்ப் பந்தலில் சம்பந்தம் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் பலகையில் ஆறு டம்ளர்கள், நிரம்பி.

முன்னால் வீரபாகு மார்பை நிமிர்த்தி நடந்துகொண்டிருந்தார்.

"ஜெயம்மா, விளக்கு புகையுது. நிக்காம நட, எரியற முனையைப் பாத்துக்கறேன்."

நீலாம்பாளின் கை அந்த முனைப் பக்கம் போகவில்லை. தண்ணீர் சொட்டும் திருகை இறுக மூடியது. ஒன்று, அப்புறம் அடுத்தது, ஆறும். மூடியதும் அணைந்துவிடாது, உள்ளே ஊறிய ஈரம் தீர வேண்டும். அந்த ஈரம் எத்தனை லிட்டர் வாயு தரும், அது எவ்வளவு தூரம் தாங்கும்? எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத கணக்கு. மனசுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடந்தாள்.

மோர்ப் பந்தலுக்கு எதிரே வந்ததும் ஆறு சுடரும் சுருங்கி, நீலமாகி, அணைந்தன.

"மறுபடியுமா!" வீரபாகு திரும்பி ஓடிவந்தார். "பத்தாங்கிளாஸ் பொண்ணே போட்டுடும்னியேம்மா! எங்க தப்பு?"

பெண்கள் விளக்குகளை இறக்கி வைத்தார்கள். ஜெயம்மாள் இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"மன்னிச்சுக்குங்க ஐயா" என்றாள் நீலாம்பாள். "நூத்தி அறுபது போட வேண்டிய இடத்துல எண்பது போட்டுட்டேன்."

ஆறு பேருக்கும் மோர் கொடுத்து முடித்த சம்பந்தம், ஏழாவதாக ஒரு டம்ளரை மொண்டு அவளிடம் நீட்டினார்.

"எண்பது கிராம்னு சொல்லணும்மா" என்றார் மெதுவாக. "அலகு இல்லாட்டி அரை மார்க் போச்சு."