நீலச் சட்டை, பழுப்புச் சட்டை

அயாகூச்சோ மலையூரின் ஆற்றங்கரைப் பாறையில் வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. இறந்தவரின் துணியை ஐந்தாம் நாள் இந்த ஆற்றில்தான் அலசுவார்கள். சிப்பாய்கள் இழுத்துப்போன ஃபெர்மினின் உடல் கிடைக்கவேயில்லை. மனைவி சதுர்னினா அவன் சட்டையை இன்னும் துவைக்கவில்லை. அவர்கள் கதையை எழுதும் இளம் எழுத்தாளர் நெரிதாவோ தன் நாவலில் அவன் உடலைக் கண்டெடுத்து, துணியையும் அலசிவிட்டாள். அந்தப் பக்கத்தைச் சதுர்னினாவுக்கு வாசித்து முடித்தவள், திட்டு விழுமென்று நிமிராமலே இருக்கிறாள்.

"சட்டை நீலமில்ல மகளே, பழுப்பு."

"மன்னிச்சிடுங்கம்மா. மாத்திடறேன்."

"இருக்கட்டும் விடு. இத்தன வருசமா எனக்குத்தான் மனசு வரல. நீயாவது நனைச்சியே, நல்லா இருப்பே."

சதுர்னினா தன் மூட்டையிலிருந்து பழுப்புச் சட்டையை எடுத்து நீரில் அமுக்குகிறாள். பழைய வியர்வை நுரையோடு கரைந்து போகிறது. சொட்டச் சொட்ட ஒரு முனையை நெரிதாவிடம் நீட்டுகிறாள்.

"நல்லா முறுக்கிப் பிழி. அந்த மனுசனுக்கு ஈரம் ஆகாது."