படம் சொன்னது

"முதியோர் இல்லமா இது? அரண்மனைதான்கா. எல்லாரும் எப்படிச் சிரிக்கிறாங்க பாரு," என்று தம்பி இல்லத்தின் இணையதளத்தில் ஒரு படத்தைத் திறந்து போனை நீட்டினான்.

"பாருன்னு என்கிட்டயே சொல்றியேடா." பார்வையற்ற அக்கா இயர்போனை மாட்டிக்கொண்டாள். "நான் போயிட்டா இந்த வீடு உனக்கு விசாலமா இருக்கும், இல்ல?"

"உன் நல்லதுக்குத்தான்கா."

அவள் படத்தைத் தொட்டாள். கண் தெரியாதவர்களுக்காகப் படத்தோடு யாரோ எழுதிவைத்திருந்த, திரையில் தெரியாத விளக்கத்தைப் போன் அவள் காதுக்குள் வாசித்தது.

"முதியவர்கள் ஐந்து பேர். சிரிக்காதவர்களுக்குச் சாப்பாடு கிடையாது. கதவு வெளிப்பக்கம் பூட்டியிருக்கிறது. இதைக் கேட்பவரே, தயவுசெய்து இங்கே வராதீர்கள்."

இயர்போனை மெல்லக் கழற்றினாள். "தம்பி, நான் போகல."

"பெட்டியை வண்டியில ஏத்தியாச்சுக்கா," என்றான் அவன். "கையைக் குடு."