ராணிச் சிப்பாய்க்கு எதிரே

சாயங்கால வெயில் மருத்துவமனைக் கட்டிலில் ஏறி, சதுரங்கப் பலகையின் பாதியை மஞ்சளாக்குகிறது. ஊசி குத்திய கையால் அக்கா, வழக்கம்போல, ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறாள். எதிரே தம்பி; லேத் பட்டறை எண்ணெய் இன்னும் நகக்கண்ணில் இருக்கிறது. முப்பது வருடமாக இந்தத் தொடக்கத்துக்கு அவன் சிப்பாய்களால் சுவர்தான் கட்டுகிறான். அடைத்து ஆடினால் ஆட்டம் நாள்கணக்கில் இழுக்கும். இருட்டியதும் பலகைமேல் துண்டைப் போர்த்தி மறுநாளைக்கு வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். இப்போதும் அவன் கை சுவருக்குத்தான் போகிறது. “அடைக்காதடா. திறந்து ஆடு. இன்னிக்கே முடியணும்,” என்கிறாள் அக்கா. விடிந்தால் அவளுக்கு அறுவை சிகிச்சை. அவன் கை பின்வாங்குகிறது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்கிறான். பிறகு ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை, அவள் சிப்பாய் சும்மாவே வெட்டிவிடக்கூடிய கட்டத்தில் கொண்டுபோய் வைக்கிறான். “எடுத்துக்கோக்கா.” அவள் விரல் அந்தச் சிப்பாய்வரை போய் நிற்கிறது. தாழ்வாரத்தில் ஒரு தள்ளுவண்டி கிறீச்சிட்டுக் கடக்கிறது. “இருட்டிப் போச்சுடா,” என்று சொல்லி, அவன் தோளில் கிடக்கும் துண்டை உருவி, வெயில் காயும் பலகைமேல் அவளே போர்த்துகிறாள்.