நிற்காத மெயில்

சாரம் பகுதியில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் கணினிகளைக் கவனித்துவந்தவள் அமுதவல்லி. “பிரவுசர் ரொம்பப் பழசு சார், திருடன் சுலபமா உள்ள வந்துடுவான், மாத்திடலாம்” என்று மேலாளர் கிளோத்திடம் மூன்று முறை சொன்னாள்.

“ஓடுற வரைக்கும் ஓடட்டும்மா.”

2006 ஜூனில் வாடிக்கையாளர்களின் பாஸ்போர்ட் விவரங்கள் அந்தப் பழைய பிரவுசர் வழியாகவே திருடுபோயின. கிளோத் பழியை அவள்மேல் போட்டு வேலையைவிட்டு நீக்கினார். அன்று வீடு திரும்பும்போது பஸ் மோதி அவள் இறந்துபோனாள்.

அவளுடைய காரியம் முடிந்த மறுநாள் காலை, கிளோத்தின் கணினியிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு மெயில் போய்க்கொண்டிருந்தது. ‘அமுதவல்லி எச்சரித்தாள். நான்தான் கேட்கவில்லை. கிளோத்.’

அவர் நெட் வயரைப் பிடுங்கினார். மெயில் நிற்கவில்லை. கரண்ட் வயரையும் பிடுங்கினார்.

பக்கத்து மேசை ஏஸ்தெல் எழுந்துவந்து படித்தாள். “அப்ப நீங்கதானா சார்?”

இரண்டு வயர்களையும் கையில் பிடித்தபடி அவர் நின்றார். அணையாத திரையிலிருந்து அடுத்த மெயில் முதலாளிக்குப் போனது.