தூண் இல்லாத இடம்

அவள் நேராகத்தான் வந்தாள். மொட்டை மாடியின் நடுப்பகுதிக்கு வந்ததும் இடப்பக்கம் ஒதுங்கி, அரைவட்டமாகச் சுற்றி, மறுபடி நேரானாள்.

அங்கே ஒன்றும் இல்லை.

இயக்குநர் ஒத்திகையை நிறுத்தவில்லை. நிறுத்திக் கேட்கப் பயமாக இருந்தது.

அந்த இடத்தில் ஒரு தூண் உண்டு. இங்கே அல்ல. பெரம்பூரில், அச்சகத்துக்கு மேலே, குறைந்த வாடகைக்கு அவருடைய நாடகக் குழு இருந்த ஹாலில். எந்தப் புண்ணியவானோ சரியாக நடுவில் கட்டி வைத்திருந்தான். வருடக்கணக்காகக் குழு அதைத் திட்டிக்கொண்டே, அதைச் சுற்றியே நாடகம் பழகியது. வெளியூர் மேடைகளிலும் நடிகர்கள் வெற்றிடத்தைச் சுற்றித்தான் நடந்தார்கள். ஆழமான உத்தி என்று ஒருவர் பத்திரிகையில் எழுதினார். அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தன் முறை வரும்வரை, குழுவின் நடிகை எஸ்தர் அந்தத் தூணில்தான் சாய்ந்து நிற்பாள்.

போன வருடம் எஸ்தர் இறந்துபோனாள்.

இந்த வருடம் ஹாலும் கைவிட்டுப் போனது. அங்கே இப்போது மெத்தை விற்கிறார்கள்.

மற்றவர்கள் சுற்றி நடப்பது அவருக்குப் புரிகிறது. பழகிய கால்கள். எஸ்தரின் வேடத்தைச் செய்யும் இந்தப் பெண் குழுவுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எஸ்தரைப் பார்த்ததில்லை. அந்த ஹாலில் கால் வைத்ததில்லை.

மாடியேறும்போதே குடியிருப்புச் சங்கச் செயலாளர் அவரைத் தனியாக நிறுத்தியிருந்தார். "நாளையிலேர்ந்து மாடியப் பூட்டிடறோம் சார். சோலார் போடறாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது. குழுவால் கொடுக்க முடிகிற வாடகைக்கு இந்த ஊரில் இனி ஒரு கார் ஷெட்கூடக் கிடைக்காது. தேடித் தேடி அவருக்கு வெறுத்துப்போயிருந்தது. இன்றைய ஒத்திகை முடிந்ததும் சொல்லிவிட வேண்டியதுதான். குழுவைக் கலைத்துவிடலாம்.

அந்தி மங்கியது. தண்ணீர்த் தொட்டி ஓரம் யாரோ காயப்போட்ட போர்வை அசைந்தது.

காட்சியில் இன்னும் அவள் முறை வரவில்லை. அந்த வெற்றிடத்தின் அருகே காத்து நின்றாள்.

நின்ற விதம் அவர் கண்ணில் பட்டது.

ஒரு காலை மடக்கி, வலது தோளைக் கொஞ்சம் சரித்து.

சாய்ந்துகொண்டு.

அழுதுவிடுவோமோ என்று பயந்தார். வேறுபக்கம் பார்த்தார். மறுபடி பார்த்தபோதும் அப்படியேதான் நின்றாள்.

ஒத்திகை முடிந்தது. எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். சொல்லிவிட எழுந்து அவர்களை நோக்கி நடந்தார்.

பாதி தூரத்தில் அவர் கால்களும் ஒதுங்கின.

அவள் பார்த்துவிட்டாள். "அண்ணா, அந்த எடத்துல என்னதான்ணா இருக்கு? நானும் நேராப் போலாம்னுதான் வரேன். முடியல."

கீழே படிக்கட்டில் சாவிக்கொத்தின் சத்தம் மேலேறி வந்துகொண்டிருந்தது.

"நாளைக்கு ஒத்திகைல சொல்றேன்மா" என்றார். "எல்லாரும் வந்துருங்க."